மேடு பிரிக்கும், காற்று சேர்க்கும்

வியட்நாமின் நடுப்பகுதியில், அன்னம் மலைத்தொடரின் கிளை ஒன்று மேற்கிலிருந்து நீண்டு வந்து கடலில் கால் நனைக்கிறது. ஹனோயிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலைக்கு அந்த இடத்தில் ஒதுங்கிப்போக வழி இருக்கவில்லை, மலையேறித்தான் ஆக வேண்டியிருந்தது. லாங் கோ என்ற கடலோர ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து சுமார் பத்து கிலோமீட்டர் ஏறுகிறது. 496 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொட்டு, மறுபக்கம் தா நாங் நகரை நோக்கி இறங்குகிறது. ஹை வான் கணவாய் என்று பெயர். கடலும் மேகமும் சேர்ந்த சொல் அது. குளிர்காலத்தில் வடபக்கம் மூட்டமும் தூறலுமாக இருக்கும். உச்சியைக் கடந்தால் தென்பக்கம் வெயில் அடிக்கும். 2005இல் சுரங்கப்பாதை திறக்கும்வரை லாரியும் பேருந்தும் இந்த மேட்டைத்தான் ஏறிக்கொண்டிருந்தன.

1998 ஜனவரியில் சைக்கிள்களும் ஏறின. வேர்ல்ட் டீம் ஸ்போர்ட்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு நடத்திய பயணம் அது. ஹனோயில் புறப்பட்டு ஹோ சி மின் நகரம் வரை 16 நாட்கள், சுமார் 1,770 கிலோமீட்டர். ஓட்டியவர்களில் அமெரிக்கப் போர்வீரர்களும் இருந்தார்கள், வியட்நாமியப் போர்வீரர்களும் இருந்தார்கள். ஒரு காலத்தில் எதிரெதிரே துப்பாக்கி பிடித்தவர்கள். கால் இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள், இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர்கள், உடலில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே சாலையில் ஒரே கூட்டமாகப் போனார்கள். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்டும் அந்தக் கூட்டத்தில் பெடல் மிதித்தார். இந்தப் பயணத்தைப் பற்றி ‘வியட்நாம்: லாங் டைம் கமிங்’ என்ற ஆவணப்படமும் எடுக்கப்பட்டது.

பகை மறந்த கதையாகத்தான் இதை உலகம் சொல்கிறது. அது நியாயமும்கூட. எனக்கு இதில் இன்னொரு கேள்வி பிடிபடுகிறது. உலகச் சாம்பியன் ஒருவரும், கையால் மட்டுமே சக்கரம் சுற்றும் ஒருவரும் 16 நாட்கள் சேர்ந்து பயணம் போவது எப்படி? வேகமானவர் மெதுவானவருக்காகக் காத்திருப்பார் என்பதுதான் உடனே தோன்றும் பதில். சமவெளியில் அந்தப் பதிலில் பாதிகூட உண்மை இல்லை. மேட்டிலோ அது முழு உண்மை. ஏன் இப்படி என்பதைக் காற்றிடமும் புவியீர்ப்பிடமும்தான் கேட்க வேண்டும்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மூன்று சக்கர சைக்கிளை நம் ஊர்த் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்கான கைமிதி சைக்கிள் அதற்கு உறவுதான், ஆனால் வேறு பிறவி. முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. ஓட்டுபவர் தரைக்கு மிக அருகே கால் நீட்டிச் சாய்ந்திருப்பார். நெஞ்சுக்கு எதிரே இரண்டு கைப்பிடிகள், அவற்றிலிருந்து முன்சக்கரத்துக்குச் சங்கிலி. சாதாரண சைக்கிளில் ஒரு கால் மேலே போகும்போது மற்றது கீழே வரும். இதில் இரண்டு கைகளும் ஒன்றாகவே சுற்றும். அதே கைப்பிடிதான் வண்டியைத் திருப்பவும் செய்கிறது. கைகள் மாறி மாறித் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலிலும் வண்டி இடமும் வலமும் இழுக்கும்; அதை நேராக்குவதிலேயே பலம் வீணாகும். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் உடலுக்கு ஆகும் செலவு குறைவு என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன.

தோளிலும் கையிலும் உள்ள தசை, தொடையிலும் பின்புறத்திலும் உள்ளதைவிட மிகக் குறைவு. கால் நன்றாக இருக்கும் ஒருவரையே கையால் சுற்றச் சொன்னாலும், அவர் உடல் உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் காலால் மிதிக்கும்போது எடுப்பதில் சுமார் 70 சதவீதம்தான் இருக்கும். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு இன்னும் குறையலாம். ஆகவே ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: காலால் மிதிப்பவர் நாள் முழுக்க 150 வாட் தருகிறார், கையால் சுற்றுபவர் 80 வாட். வண்டியோடு சேர்த்து எடை முதலாமவருக்கு 85 கிலோ, இரண்டாமவருக்கு 88 கிலோ. இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தாம், ஆனால் நடப்புக்கு வெகுதூரத்தில் இல்லை.

ஒருவரின் பலம் மற்றவருடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகமும் இரண்டு மடங்காக இருக்குமா? சமதரையில் காற்றில்லாத நாளில் தனித்தனியே ஓட்டவிட்டால், முதலாமவர் மணிக்கு 28 கி.மீ. போவார், இரண்டாமவர் 23. வித்தியாசம் வெறும் ஐந்து.

காரணம் காற்று. சமதரையில் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றை விலக்கவே போகிறது. வேகம் கூடக்கூட அதற்கு வேண்டிய பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு பலம். திருப்பிச் சொன்னால், இரண்டு மடங்கு பலம் இருந்தும் வேகம் கால் பங்குதான் கூடும். பலசாலி தன் கூடுதல் பலத்தைக் கொண்டுபோய்க் காற்றிடம் கொட்டுகிறார், காற்று அதை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, கைமிதி சைக்கிள்காரர் தாழச் சாய்ந்திருப்பதால் காற்றுக்குக் காட்டும் முகப்பும் சிறியது.

மிச்சமிருக்கும் ஐந்து கிலோமீட்டரையும் மறைவு குறைத்துவிடும். முன்னே ஒருவர் காற்றைக் கிழித்துப் போகும்போது அவர் முதுகுக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்த இடம் ஒன்று கூடவே வருகிறது. அந்த நிழலில் ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் தடை கணிசமாகக் குறையும். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் ப்ளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. கூட்டத்தின் நடுப்பின்புறம் இருப்பவருக்கு, தனியே போனால் இருக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே மிஞ்சுகிறது. சுற்றுலா வேகத்தில் விலகி விலகிப் போகும் கூட்டத்தில் அவ்வளவு கிடைக்காது. தடை 30 சதவீதம் குறைகிறது என்று வைத்தாலே நம் கைமிதி சைக்கிள்காரர் அதே 80 வாட்டில் மணிக்கு 25 கி.மீ.யைத் தொட்டுவிடுவார். காலால் மிதிப்பவர் 28இலிருந்து 25க்கு இறங்கினால் அவருக்குத் தேவைப்படுவது 110 வாட் போல. மூன்றே கிலோமீட்டர் விட்டுக்கொடுத்து நாற்பது வாட்டை மிச்சம் பிடிக்கிறார். அடுத்த நாளுக்கு அது உதவும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. பின்னால் ஒட்டி வருபவர் முன்னவரின் முதுகுப்புற வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவதால், முன்னே போகிறவருக்கும் சிறிது நன்மை உண்டு. மிகச் சிறிது, ஓரிரு சதவீதம். ஆனால் உண்டு.

மறைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குப் பின்னே தாழ்ந்த வண்டி வந்தால் நல்ல மறைவு. தாழ்ந்த வண்டிக்குப் பின்னே நிமிர்ந்தவர் வந்தால் முழங்காலுக்கு மேலே எல்லாம் காற்றுதான். அதனால் இப்படிப்பட்ட குழுக்களில் யார் யாருக்குப் பின்னே என்பது மரியாதையை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை, உயரத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. பக்கக்காற்று வீசினால் ஏற்பாடே மாறும்; நேர்வரிசை கலைந்து, காற்று வரும் பக்கத்திலிருந்து சாய்வாக விரிய வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஆனி, ஆடியில் சைக்கிளில் கடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான்.

குமரியின் அந்த மூலைக்கும் இத்தகைய பயணங்களின் வரலாற்றில் இடம் உண்டு. ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா அறக்கட்டளையைச் சேர்ந்த மாற்றுத்திறன் வீரர்கள் 2020 நவம்பரில் ஸ்ரீநகரில் புறப்பட்டு, அந்த ஆண்டின் கடைசி நாளில் கன்னியாகுமரியில் சைக்கிளை நிறுத்தினார்கள். சுமார் 3,800 கி.மீ. ஓய்வு நாட்களையும் சேர்த்துச் சராசரி போட்டாலும் நாளுக்கு 90 கி.மீ.யை ஒட்டி வருகிறது. அறக்கட்டளையை நிறுவிய மேத்தா விபத்தில் ஒரு காலை இழந்த பின் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தவர்.

ஒற்றைக் காலால் மிதிப்பது பாதி வேலை என்று நினைத்தால் தப்பு. இரண்டு காலால் மிதிக்கும்போது, கீழே இறங்கும் காலின் எடை மறுபக்கம் ஏறும் காலைத் தூக்கிவிடுகிறது, தராசு மாதிரி. ஒரு கால் இல்லையென்றால் மிதித்து முடித்த காலை மேலே கொண்டுவர இடுப்புத் தசைதான் இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை, மணிக்கணக்கில். ஆய்வுக்கூடங்களில் ஒற்றைக் கால் மிதிப்பைப் பரிசோதிக்கும்போது, காலியான பெடலில் 10 கிலோ எதிர்எடை மாட்டுவது வழக்கம். காலின் எடையே எவ்வளவு வேலை செய்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. செயற்கைக்கால் பொருத்தி மிதிப்பவருக்கு வேறு சிக்கல். முழங்காலுக்குக் கீழே இழந்தவரிடம் கெண்டைத் தசையும் கணுக்காலும் இல்லை. ஆகவே பாதத்தின் முன்னுனியால் தள்ளுவதில் பயனில்லை, பெடல் பாதத்தின் நடுவுக்கு வந்தால்தான் தொடையின் பலம் நேராக இறங்கும்.

இனி ஹை வான்.

பத்து கிலோமீட்டரில் ஏறத்தாழ 500 மீட்டர் என்றால் 5 சதவீத ஏற்றம். சாலை அடிவாரத்தில் தலைதூக்கியதுமே காற்று ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் காற்றை விலக்க ஐந்து வாட் போதும். ஒட்டிப் போய் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. மிதிக்கிற பலமெல்லாம் எடையைத் தூக்கப் போகிறது. இந்தக் கணக்கில் மும்மடி கிடையாது, நேர்க்கணக்கு. இரண்டு மடங்கு பலம் இருந்தால் இரண்டு மடங்கு வேகம். நம் முதலாமவர் மணிக்கு 11 கி.மீ.யில் ஏறுவார், கைமிதி சைக்கிள்காரர் 6 கி.மீ.யில். முன்னவர் உச்சிக்குப் போக ஐம்பத்தைந்து நிமிடம், பின்னவருக்கு நூறு நிமிடம். சமவெளியில் ஐந்து கிலோமீட்டருக்குள் ஒடுங்கிக் கிடந்த வித்தியாசத்தை மேடு விரித்துக் காட்டிவிடுகிறது. அடிவாரத்தில் இருந்த அதே கைகள், அதே கால்கள்தாம். மாறியது சாலை.

பாராலிம்பிக் பந்தயங்களில் இதனால்தான் வீரர்களைக் கவனமாகப் பிரிக்கிறார்கள். கைமிதி சைக்கிளுக்கு மட்டுமே எச் 1 முதல் எச் 5 வரை ஐந்து வகுப்புகள். எச் 5இல் இருப்பவர்கள் மண்டியிட்டு இடுப்புக்கு மேலுள்ள உடம்பின் பலத்தையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள். பந்தயத்துக்கு அந்தப் பிரிப்பு வேண்டும். நெடும்பயணம் அதற்கு நேர் எதிரான வேலை. பிரிந்துபோகிறவற்றை ஒன்றாக வைத்திருக்க வேண்டும்.

மேட்டில் அதற்கு வழி என்ன? பழைய வழிதான். நாம் பள்ளிக்கூடம் போகும்போது பக்கத்தில் வருகிறவன் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது நினைவிருக்கிறதா? அதையேதான் இங்கும் செய்கிறார்கள், கைமிதி சைக்கிளின் முதுகுச் சாய்மானத்தில் ஒரு கையை வைத்து. கணக்குப் போட்டால் தெரியும் அதன் மதிப்பு. 88 கிலோவை அந்தச் சரிவில் ஏற்ற வேண்டிய விசை, கையில் ஐந்து கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். பக்கத்தில் வருபவர் ஒன்றரை கிலோ எடை அளவுக்குத் தள்ளினால் போதும், இரண்டு வண்டிகளும் மணிக்கு 9 கி.மீ.யை ஒட்டி ஒன்றாக ஏறும். ஒருவர் 11இலிருந்து இறங்குகிறார், மற்றவர் 6இலிருந்து ஏறுகிறார். கையால் சுற்றுபவரும் தன் 80 வாட்டையும் முழுதாகத் தருகிறார், ஒரு வாட்டையும் விடுவதில்லை. உச்சிக்கு ஆகும் நேரம் நூறு நிமிடத்திலிருந்து எழுபதுக்கும் கீழே வந்துவிடும். உதவி என்ற சொல்லைவிட இதற்குப் பங்கீடு என்ற சொல்தான் சரி என்று நினைக்கிறேன், இருவரின் வாட்டும் ஒரே பானையில் விழுகிறது.

மூன்று சக்கரத்துக்கு மேட்டில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு மெதுவாகப் போனாலும் சாயாது. நின்று மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், மறுபடி கிளம்பலாம். இருசக்கரக்காரர் நடைவேகத்துக்கு இறங்கினால் தள்ளாடுவார், கால் ஊன்றுவார். ஒரு தொல்லையும் உண்டு: பலம் முன்சக்கரத்துக்குப் போகிறது, ஏற்றத்தில் எடை பின்னே சாய்கிறது. தூறலில் நனைந்த சாலை என்றால் முன்சக்கரம் பிடி கிடைக்காமல் வழுக்கிச் சுற்றும். ஹை வானின் வடபக்கம் ஜனவரியில் எப்படி இருக்கும் என்று முன்பே சொன்னேன்.

பார்வையற்றவர்கள் ஓட்டுவது டேண்டம் சைக்கிள். முன்னே பார்வையுள்ளவர், பின்னே பார்வையற்றவர், இரண்டு ஜோடி பெடல். இரண்டும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. ஒருவர் மிதிக்க மற்றவர் காலை அசைக்காமல் இருக்க முடியாது. முன்னவர் குரலால்தான் ஓட்டுகிறார்: பள்ளம் வருது, கியர் மாத்துறேன், மிதிக்காதீங்க, இப்ப மிதிங்க. சொல்லாமல் விட்ட ஒரு பள்ளம் பின்னவர் முதுகெலும்பில் இறங்கும். பின்னவருக்கு முன்னவரின் மூச்சும் தோளசைவும் சங்கிலியின் இறுக்கமும்தான் சாலை. மேட்டில் டேண்டத்துக்குச் சலுகை இல்லை. பலமும் இரண்டு மடங்கு, எடையும் இரண்டு மடங்கு. சமதரையில் இரண்டு பேர் பலத்துக்குக் கிட்டத்தட்ட ஒருவர் அகலமே காற்றை எதிர்கொள்வதால் அது தனி சைக்கிளை முந்தும்.

இறக்கத்தில் வரிசை தலைகீழாகிறது. ஹை வான் உச்சியிலிருந்து யாரும் மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் உருண்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து ஓட்டுபவர் மணிக்கு 45 கி.மீ.யில் நிலைகொள்வார். தாழ்ந்து சாய்ந்த கைமிதி சைக்கிள் 52 வரை போகும். டேண்டம் 60ஐத் தொடப் பார்க்கும். மேட்டில் கடைசியாக வந்தவர் இறக்கத்தில் காத்திருக்க வைக்கப்படுகிறார். வளைவுகளில் யாரும் இப்படி விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். டேண்டத்தின் எடை முழுவதையும் நிறுத்த வேண்டிய பிரேக், சக்கர விளிம்பைத் தொட முடியாத அளவுக்குச் சுடவைக்கும். மூன்று சக்கர வண்டி சாயாது என்பது மேட்டில் வசதி. வளைவில் அதுவே ஆபத்து. இருசக்கரக்காரர் வளைவுக்குள் உடம்பைச் சாய்த்துச் சமாளிப்பார், மூன்று சக்கரமோ வேகம் மிஞ்சினால் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

ஒருநாள் கணக்கு இவ்வளவுதான். பதினாறு நாள் என்றால் வேறு கணக்குகள் வந்து சேரும்.

நமக்கெல்லாம் மூச்சும் தொடையும் முதலில் களைக்கும். இவர்களில் பலருக்கு முதலில் தோற்பது தோல். செயற்கைக்காலுக்குள் எஞ்சிய காலை மூடும் சிலிக்கோன் உறையில் வியர்வைக்குப் போக வழியில்லை. வியர்வை தேங்கினால் உறை நழுவும், நழுவினால் உரசும், உரசினால் கொப்புளம். ஒருநாள் பயணத்தில் அது எரிச்சல். நெடும்பயணத்தில் நாலாம் நாளே வண்டியை நிறுத்திவிடும். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு உட்காரும் இடத்தில் உணர்வே இல்லை. நாம் அறியாமலே நிமிடத்துக்கு ஒருமுறை நெளிகிறோமே, அந்த நெளிவுதான் தோலுக்கு ரத்தம் போக இடம் விடுகிறது. வலி சொல்லாத உடம்பில் புண் சத்தமின்றி உண்டாகும். இரவில் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்குப் பயிற்சியின் ஒரு பகுதி.

வெப்பமும் அப்படி. காயத்துக்குக் கீழே உள்ள தோல் வியர்க்காது. காயம் முதுகின் மேற்பகுதியிலோ கழுத்திலோ இருந்தால் இதயத்தை விரட்டும் நரம்புகளும் துண்டிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தாண்டாமல் நின்றுவிடுவது உண்டு. அவர்களுக்காகத் தண்ணீர் தெளிக்கும் புட்டிகளோடு ஒருவர் கூடவே வர வேண்டும். உடம்பு செய்ய மறந்ததைப் புட்டி செய்கிறது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது தோள். காலால் மிதிப்பவர் மாலையில் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கால் நீட்டி உட்காருவார், கால் தேறும். கையால் சுற்றியவருக்கு அந்த ஓய்வு கிடையாது. வண்டியிலிருந்து சக்கர நாற்காலிக்கு உடம்பைத் தூக்கி மாற்றுவது அதே தோள். நாற்காலியைத் தள்ளுவது, கட்டிலில் ஏறுவது, கழிப்பறையில் இறங்கி ஏறுவது, காலையில் எல்லாவற்றையும் மறுபடி செய்வது, அத்தனையும் அதே தோள்கள்தாம். நாள் முழுதும் ஓடிய எஞ்சின் இரவிலும் அணைவதில்லை. நெடும்பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் கிலோமீட்டரை எண்ணுவதைப்போல இந்த மாற்றங்களையும் எண்ண வேண்டும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில், இந்தியாவிலும், ஓர் அளவு உண்டு: பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம், அதாவது சுமார் 8 சதவீதம். ஹை வான் கணவாயின் சராசரி ஏற்றத்தைவிட அது செங்குத்து. அந்தச் சாய்தளமும் இல்லாத ஒரு சாதாரண விடுதியின் வாசலில், ஐந்து படிகளுக்கு முன்னே, பத்து கிலோமீட்டர் மலையைக் கையால் ஏறி இறங்கிய ஒருவர் நாற்காலியில் காத்திருக்கிறார். இரண்டு பேர் வந்து இருபுறமும் பிடித்துத் தூக்குகிறார்கள். காலையில் அவர் முதுகுச் சாய்மானத்தில் கைவைத்துத் தள்ளியவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.